சர் சேஷாத்ரி ஐயரும் தங்கவயலுக்குப் போன மின்சாரமும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போய் வராதவர்கள் குறைவு. ஜோலார்பேட்டை தாண்டி, குப்பம் தாண்டி, பங்காருபேட்டையில் வண்டி நிற்கும். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை தென்கிழக்கே பிரிந்து கோலார் தங்கவயல் வழியாக மாரிக்குப்பம் வரை போகிறது. மொத்தம் 10 மைல்தான். 1894-இல் போட்ட பாதை அது. மைசூரின் சீஃப் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் அப்போது ஊருக்கு பௌரிங்பேட்டை என்று பெயர். பொன்னுக்கு இந்தப் பக்கத்துக் கன்னடத்திலும் தெலுங்கிலும் பங்காரம், பங்காரு என்பார்கள். பக்கத்தில் தங்கமும் வெட்டுகிறார்கள், துரையின் பெயரும் வாயில் நுழையவில்லை. ஜனங்கள் பங்காருபேட்டை ஆக்கிவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இந்த ஊரோடு இருக்கும் எனக்கு, இந்தப் பக்கத்தின் சரித்திரத்தைப் படிப்பது பொழுதுபோக்கு. அப்படிப் படிக்கையில் மறுபடியும் மறுபடியும் எதிரே வந்து நின்றவர் மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு சேஷாத்ரிபுரம் தெரியும். கப்பன் பார்க்கில் சிவப்பு நூலகக் கட்டடத்தின் முன் நிற்கும் சிலையும் தெரியும். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்குப் பெயர் அளவில் தெரிந்திருக்கலாம். அவருடைய வாழ்க்கை முழுவதையும் சொல்ல இந்த இதழின் பக்கங்கள் போதாது. தங்கவயலை முன்னிட்டு அவர் செய்த ஒரு காரியத்தை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

புனேயில் இருக்கும் என் மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனிச் செலவில் ஏதாவது பெரிய ஹோட்டலில் மூன்று நாள் வகுப்புக்குப் போகிறார். பல பிரிவுகளில் இருப்பவர்களை அரவணைத்து வேலை வாங்குவது எப்படி என்று அங்கே சொல்லித் தருகிறார்களாம். நல்ல விஷயம்தான். எங்கள் காலத்தில் அதற்கெல்லாம் வகுப்பு கிடையாது. பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பார்ப்பதற்கு சேஷாத்ரி ஐயரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் வெற்றி பெற்ற இடங்களும் உண்டு, அவருக்குக் கைகூடாத இடமும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

சேஷாத்ரி ஐயர் 1845 ஜூன் 1-ஆம் தேதி பாலக்காட்டில் பிறந்தார். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். தகப்பனார் கோழிக்கோட்டில் வக்கீல். பள்ளிப் படிப்பு கோழிக்கோட்டிலும் கல்லூரிப் படிப்பு சென்னை பிரசிடென்சி காலேஜிலும். 1868-இல் பி.ஏ. தேறினார். அந்த வருஷமே மைசூருக்கு உத்தியோகத்துக்குப் போய்விட்டார். கோழிக்கோட்டில் உத்தியோகம் பார்த்த ரங்காசார்லு மைசூர் அரண்மனை நிர்வாகத்துக்குப் போனபோது இவரையும் அழைத்துக்கொண்டார். உத்தியோகத்தில் இருந்தபடியே 1874-இல் பி.எல். பட்டமும் வாங்கினார்.

அப்போது மைசூரை ஆங்கிலேய கமிஷனர்கள் நேரடியாக ஆண்டுகொண்டிருந்தார்கள். 1881 மார்ச்சில்தான் ஆட்சி மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் திரும்பி வந்தது. ரங்காசார்லு முதல் திவான் ஆனார். பிரதிநிதி சபை என்ற ஒன்றை அதே வருஷம் அக்டோபரில் கூட்டியவரும் அவர்தான். 1883 ஜனவரியில் அவர் காலமானார். அடுத்த மாதமே சேஷாத்ரி ஐயர் திவான். வயது முப்பத்தேழு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ரங்காசார்லு இறந்த பின் இடைக்காலத்தில் பொறுப்பைக் கவனித்தவர் டி.ஆர்.ஏ. தம்புச் செட்டி. கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஐயரைவிட எட்டு வயது மூத்தவர். மைசூர் உத்தியோகத்துக்கு ஐயருக்கு முன்பே வந்தவர். அவரைத் தாண்டி ஒரு இளையவரைத் திவான் ஆக்கினார்கள். நம் ஆபீஸ்களில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? மூத்தவர் நீண்ட விடுப்பில் போவார், அல்லது ஒவ்வொரு கோப்பிலும் ஒரு முட்டுக்கட்டை போடுவார். புதிதாக வந்தவரும் மூத்தவரை எங்காவது தூரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தூங்குவார். மைசூரில் நடந்தது வேறு. அடுத்த பதினெட்டு வருஷமும் தம்புச் செட்டி அரசாங்கத்தின் நடுநாயகமான இடத்திலேயே இருந்தார். கவுன்சில் அங்கத்தினராக இருந்தார். சீஃப் கோர்ட்டின் தலைமை நீதிபதியாகவும் ஆனார். திவான் ஊரில் இல்லாதபோதெல்லாம் பலமுறை அவர்தான் திவான் பொறுப்பைப் பார்த்தார். 1900-இல் ஐயர் நோயுற்று விடுப்பில் போனபோதும், திரும்ப முடியாமல் போனபோதும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் தம்புச் செட்டியே. தாண்டி வந்த மூத்தவரிடம் தன் நாற்காலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போவதற்குத் துணிச்சல் வேண்டும். கொடுத்ததை ஒழுங்காகத் திருப்பித் தருவதற்கும் பெருந்தன்மை வேண்டும்.

ஐயர் திவான் ஆனபோது சமஸ்தானம் 1876–78 தாது வருஷப் பஞ்சத்திலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை. பத்து லட்சம் பேர்வரை மாண்ட பஞ்சம் அது. கஜானாவில் கடன். ஆகவே ஆரம்ப வருஷங்கள் ரயில் பாதையும் ஏரி வெட்டும் பார்ப்பதிலேயே போயின. சிக்கனமாக இருந்தார் என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு தசராவிலும் அவர் பிரதிநிதி சபையில் வாசித்த உரைகள். மழை எவ்வளவு, விளைச்சல் எப்படி, நிலவரி எவ்வளவு வந்தது, ரயில் எதுவரை போட்டாயிற்று, தங்கச் சுரங்கத்திலிருந்து ராயல்டி எவ்வளவு என்று எண்களோடு சொல்லிக்கொண்டே போவார். சட்டம் இயற்றும் அதிகாரமோ ஓட்டெடுப்போ அந்தச் சபைக்குக் கிடையாது. இருந்தாலும் தாலுகா தாலுகாவாக வந்த குடியானவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கணக்கு ஒப்பிக்கும் பழக்கத்தை ரங்காசார்லு தொடங்கினார், ஐயர் விடாமல் நடத்தினார். 1891 முதல் அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கொண்டுவந்தார்.

1894 டிசம்பரில் பெரிய இடி விழுந்தது. மகாராஜா கல்கத்தாவுக்குப் போன இடத்தில் தொண்டை அடைப்பான் நோயில் காலமானார். வயது முப்பத்தொன்று. பட்டத்துக்குரிய மகனுக்கு வயது பத்து. மகாராணி வாணி விலாஸ் சந்நிதானம் ரீஜண்ட் ஆனார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு ரீஜன்சி கவுன்சில். தலைவர் திவான். அங்கத்தினர்கள் மூவர்: தம்புச் செட்டி, பி.என். கிருஷ்ணமூர்த்தி, அப்துல் ரஹ்மான். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் ஹைதர், திப்பு காலத்திலிருந்து பேர்பெற்ற பூர்ணய்யாவின் வம்சத்தில் வந்த மாத்வர், ஒருவர் முஸ்லிம். திவானோ பாலக்காட்டு ஐயர். கணவரை இழந்த இளம் மகாராணி, பத்து வயதுப் பிள்ளை, மேலே பிரிட்டிஷ் ரெசிடெண்ட். இந்த அமைப்பில்தான் நான் சொல்ல வந்த காரியம் நடந்தது. பெரிதாக ஒன்றும் தொடாமல், பிள்ளை வயதுக்கு வரும்வரை காலத்தைக் கழித்திருக்கலாம். பல சமஸ்தானங்களில் ரீஜன்சி என்றால் அப்படித்தான்.

தங்கவயலுக்கு வருவோம். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது. முதல் சில வருஷம் போட்ட பணமெல்லாம் மண்ணோடு போன மாதிரி இருந்தது. பிறகு சாம்பியன் நாளம் அகப்பட்டது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போயின. ஆழமாகப் போகப் போக மூன்று வேலைக்குச் சக்தி தேவை: தண்ணீரை இறைத்து வெளியேற்ற, கல்லையும் ஆட்களையும் மேலே இழுக்க, கல்லை இடித்துப் பொடியாக்க. எல்லாம் நீராவி எஞ்சின்கள். நீராவிக்கு விறகு அல்லது நிலக்கரி. சுற்றுவட்டாரத்துக் காடு விறகாகப் போய்க்கொண்டிருந்தது. நிலக்கரியோ வெகுதூரத்திலிருந்து பௌரிங்பேட்டை வழியாக ரயிலில் வர வேண்டும். ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் செலவு ஏறியது. சமஸ்தானத்துக்கு எடுத்த தங்கத்தின் மேல் ராயல்டி வந்துகொண்டிருந்தது. சுரங்கம் கட்டுப்படியாகாமல் நின்றால் அரசாங்கத்துக்கும் நஷ்டம்.

தங்கவயலுக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 90 மைல் தூரத்தில், சிவசமுத்திரத்தில் காவேரி இரண்டாகப் பிரிந்து முந்நூறு அடிக்குக் கிட்டத்தட்ட விழுகிறது. விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்பது 1890-களில் உலகத்துக்கே புதிது. டார்ஜிலிங்கில் 1897-இல் ஒரு சின்ன நிலையம் வந்தது. அது 130 கிலோவாட், ஊர் விளக்குக்கு மட்டும். நயாகராவிலிருந்து பஃபலோ நகரத்துக்கு 1896-இல் மின்சாரம் போனது. தூரம் 26 மைல். சிவசமுத்திர அருவியைத் தங்களிடம் விடும்படி வெளிநாட்டார் சிலர் மைசூர் அரசாங்கத்தை அணுகினார்கள். ஐயர் கொடுக்கவில்லை. அரசாங்கமே செய்யும் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்வது சுலபம். யார் யாரைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் செய்து முடிக்க ஒரு ஆள். மராமத்து இலாகாவில் டெபுடி சீஃப் எஞ்சினியராக இருந்த ஜாலி டி லோட்பினியே என்ற ராணுவ எஞ்சினியர் அகப்பட்டார். கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் பிறந்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் அந்த மாகாணத்துக்கே பிரதமராக இருந்தவர். அருவியை அளந்து பார்த்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோக முடியும் என்று இவர் சொன்னார். சட்டப் படிப்புப் படித்த திவானுக்கு மின்சாரம் தெரிய நியாயமில்லை. ஆனால் தெரிந்தவரை நம்பத் தெரிந்தது. 1899-இல் லோட்பினியேயை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். போய் நேரில் பார், ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களைப் பார், செய்துகொடுப்பவர்களிடம் விலை பேசு என்று. அந்தக் காலத்தில் ஒரு இந்திய சமஸ்தானம் தன் எஞ்சினியரை இப்படி உலகம் சுற்ற அனுப்பியது சாதாரணமல்ல.

அடுத்தது வாங்குபவர். மின்சாரத்தை எடுத்து வைத்துவிட்டு வாடிக்கையாளரைத் தேட முடியாது. 90 மைலுக்கு அப்பாலிருந்து கம்பியில் வரும் ஒன்றை நம்பி, ஓடுகிற நீராவி எஞ்சினை நிறுத்த எந்தச் சுரங்க மானேஜர் ஒப்புக்கொள்வார்? மின்சாரம் ஒரு நாள் நின்றால் பம்பு நிற்கும், சுரங்கத்தில் தண்ணீர் ஏறும், கீழே ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஜான் டெய்லர் கம்பெனியோடு பேசி, இத்தனை குதிரைசக்தி, இத்தனை வருஷத்துக்கு, இன்ன விலைக்கு என்று ஒப்பந்தம் செய்த பிறகுதான் பெரிய பணத்தில் கை வைத்தார்கள். முக்கியச் சுரங்கங்கள் எல்லாம் ஒரே கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது பேச்சுக்கு வசதியாகப் போயிற்று.

பிறகு மதராஸ் சர்க்கார். காவேரியில் மைசூர் எதைத் தொட்டாலும் தஞ்சாவூருக்குத் தண்ணீர் குறையுமோ என்று அங்கே கவலை. அதற்காகவே 1892-இல் இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒரு உடன்படிக்கை ஆகியிருந்தது. அதில் மைசூர் அதிகமாக விட்டுக்கொடுத்துவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் குறைப்பட்டார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. சிவசமுத்திரத் தீவோ அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே மதராஸின் சம்மதம் இல்லாமல் ஆகாது. இங்கே ஒரு பௌதிக விஷயம் உதவியது. மின்சாரம் எடுக்கும் தண்ணீர் செலவாவதில்லை. டர்பைனைச் சுற்றிவிட்டு ஒரு சொட்டுக் குறையாமல் ஆற்றுக்கே திரும்புகிறது. வயலுக்குப் பாய்ச்சுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எதிராளிக்குப் புரியவைத்தால் சண்டைக்கு இடமில்லை. அதற்கும் மேலே இந்திய சர்க்காரின் அனுமதி, அதற்கு ரெசிடெண்ட் வழியாகக் கடிதப் போக்குவரத்து.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு தார்ச்சாலைக்குக் குறுக்கே குடிநீர்க் குழாய் பதிக்க மூன்று இலாகாக்களின் அனுமதி வாங்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. மூன்று இலாகாவும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. ஒரு இலாகா கேள்வி கேட்டு எழுதும். மற்றது பதில் வந்த பிறகு பார்க்கலாம் என்று எழுதும். நேரில் போய் நின்றால் எல்லோரும் காபி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த அனுபவத்தோடு 1899, 1900 வருஷத்து வேலைகளைப் படித்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. லண்டனில் ஒரு கம்பெனி, மதராஸில் ஒரு சர்க்கார், கல்கத்தாவில் ஒரு சர்க்கார், அமெரிக்காவில் மின்சார இயந்திரம் செய்யும் ஜெனரல் எலக்ட்ரிக், சுவிட்சர்லாந்தில் டர்பைன் செய்யும் எஷர் வைஸ். எல்லாருக்கும் கடிதம் கப்பலில் போக வேண்டும். 1900-இல் வேலை தொடங்கி 1902 ஜூன் மாதம் முடிந்தது!

இயந்திரங்கள் கப்பலில் வந்து, ரயிலில் மத்தூர் வரை வந்தன. அங்கிருந்து சிவசமுத்திரத்துக்கு வண்டிமாடும் யானையும்தான். மலேரியா மிகுந்த இடம். கூலி ஆட்கள் நோயில் விழுந்தார்கள். கால்வாய் வெட்டி, மலைச்சரிவில் இரும்புக் குழாய் இறக்கி, கீழே ஆறு மின் இயந்திரங்கள் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 720 கிலோவாட். கம்பி வழி 147 கிலோமீட்டர், 35,000 வோல்ட்.

பௌதிகம் படித்தவன் என்பதால் ஒரு சின்ன கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று அனுப்பத் திட்டமிட்டது சுமார் 4,000 குதிரைசக்தி, அதாவது ஏறக்குறைய 3,000 கிலோவாட். இதை நம் வீட்டுக்கு வரும் வோல்டேஜில் அனுப்பினால் கம்பியில் 4,000 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கரண்ட் கம்பியைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். 35,000 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 50 ஆம்பியர் போதும். வோல்டேஜ் பத்து மடங்கு ஏறினால் கரண்ட் பத்தில் ஒன்றாகும், நஷ்டம் நூறில் ஒன்றாகும். ஆனால் வோல்டேஜ் ஏற ஏற பீங்கான் இன்சுலேட்டர்கள் தாங்குமா, மழையில், இடியில் என்ன ஆகும் என்பதெல்லாம் அன்று அனுபவத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்னொன்று, அது 25 சைக்கிள் மின்சாரம். மோட்டாருக்கு நல்லது, விளக்கு கொஞ்சம் நடுங்கும்.

உலகத்திலேயே அதுதான் மிக நீளமான மின்பாதை என்று இந்தப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அது சரியல்ல. கலிபோர்னியாவில் 1901-இலேயே இதைவிட நீளமான ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இதன் மதிப்புக் குறையவில்லை. உள்ள பெருமை போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது வெளியாரோடு அவர் வைத்துக்கொண்ட உறவு. உள்ளே எப்படி இருந்தது என்பதையும் சொன்னால்தான் கட்டுரை நியாயமாகும். அது நம் சமூகத்துக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரங்காசார்லு மதராஸ்காரர். ஐயரும் மதராஸ் மாகாணத்துக்காரர். கமிஷனர்கள் காலத்திலிருந்தே பெரிய உத்தியோகங்களில் மதராஸிலிருந்து வந்தவர்கள் அதிகம். இங்கிலீஷ் படித்தவர்கள் அங்கேதான் முதலில் கிடைத்தார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் மைசூரிலேயே பிறந்து, மைசூரிலேயே படித்து ஒரு தலைமுறை மேலே வந்துவிட்டது. அவர்கள் மேலே பார்த்தால் நாற்காலிகளில் எல்லாம் வெளியூர்க்காரர்கள். மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்ற கோஷம் ஐயர் காலத்திலேயே பலமாகக் கிளம்பியது. கன்னடப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. அதிகாரத்தை எல்லாம் தம் கையில் வைத்துக்கொள்கிறார், தம் ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து நிரப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. இதில் வேடிக்கை, சண்டை போட்ட இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் பிராமணர்கள்தான். மற்ற ஜாதிக்காரர்கள் இரண்டு பேரையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குறை 1918-இல் மில்லர் கமிட்டி அமைந்தபோதுதான் அரசாங்கத்தின் மேஜைக்கு வந்தது.

1891-இல் ஐயர் மைசூர் சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வைத் தொடங்கினார். சிபாரிசைவிடத் தேர்வு மேல் என்பது அவர் கொள்கை. தேர்வுக்குப் பிறகும் முணுமுணுப்பு நிற்கவில்லை. என் அபிப்பிராயத்தில், லண்டன் சுரங்கக் கம்பெனியின் பயத்தைப் புரிந்துகொண்டு முதலில் ஒப்பந்தம் செய்த அதே திவான், தன் காரியாலயத்தில் தாழ்வாரத்தில் நின்ற மைசூர் இளைஞனின் பயத்தை அந்த அளவுக்குப் புரிந்துகொள்ளவில்லை. கம்பெனிக்காரனோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் நடக்காது. இளைஞன் வாய்மூடி நின்றாலும் அன்றைய வேலை நடந்துவிடும். இதற்கு எதிராகவும் சொல்லலாம். பதினெட்டு வருஷம் ஒருவர் திவானாக இருந்தால் யார் மேல்தான் கசப்பு இராது? பஞ்சமும் கடனும் போட்டு அழுத்திய சமஸ்தானத்தில் திறமையானவனை எங்கிருந்தாவது கொண்டுவா என்று தோன்றுவது இயற்கை. இரண்டு பக்கத்தையும் யோசித்த பிறகும் எனக்கு முதலில் சொன்னதுதான் சரியென்று படுகிறது. நம்மவர்கள் வெளியூர்களில் போய் உயர்ந்த பதவி வகித்ததைப் பற்றி நம் கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிறோம். அந்தந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுரங்கத்தின் அடியில் இறங்கியவர்களையும் ஒரு வரி நினைக்கலாம். வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ், தெலுங்குக் குடியானவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். திவானின் ஒப்பந்தங்கள் எதிலும் அவர்கள் ஒரு தரப்பு அல்லர். ராயல்டியும் டிவிடெண்டும் அவர்கள் முதுகில் ஏறித்தான் வெளியே வந்தன.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது அவர் காலம். 1894-இல் பூதத்துவ இலாகா தொடங்கினார். 1898-இல் பெங்களூரில் பிளேக் வந்தபோது வி.பி. மாதவராவைப் பிளேக் கமிஷனராகப் போட்டு முழுப் பொறுப்பையும் கொடுத்தார். நெரிசலிலிருந்து ஜனங்கள் வெளியேறிக் குடியேற மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணை அவர் காலத்தில் தொடங்கி 1907-இல் முடிந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் விஞ்ஞானக் கழகம் பெங்களூருக்கு வருவதற்கு முதலில் ஆதரவு காட்டியவரும் அவரே. 371 ஏக்கர் நிலம் பின்னால் கிடைத்தது. 1893-இல் சர் பட்டம் பெற்றார். மாதவராவ் 1906-இல் தாமே திவான் ஆனார்.

இடைவிடாத உழைப்பு உடம்பைத் தின்றுவிட்டது. 1901 மார்ச்சில் பதவியை விட்டார். செப்டம்பர் 13-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். வயது ஐம்பத்தாறு. சிவசமுத்திரத்தில் அப்போது வேலை பாதியில் இருந்தது.

ஒரு பெரிய திட்டத்தின் தலைவர் பாதியில் போய்விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். புதிதாக வருபவர் மறு பரிசீலனை என்பார். காண்டிராக்டர் வேறு விலை பேசுவார். இங்கே புதிய திவான் யார் தெரியுமா? ரீஜன்சி கவுன்சிலில் ஐயரோடு ஆறு வருஷம் உட்கார்ந்திருந்த பி.என். கிருஷ்ணமூர்த்தி, மைசூரிலேயே வேரூன்றிய குடும்பத்தவர். மைசூர்க்காரர்களுக்கும் திருப்தி. திட்டத்தின் ஒவ்வொரு கட்டமும் அவர் கண்முன் நடந்தது. லோட்பினியே அதே இடத்தில் இருந்தார். மகாராணி இருந்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தது. ஆள் போனதால் எந்தக் கண்ணியும் அறுந்துபோகவில்லை. 1902 ஜூன் 30-ஆம் தேதி சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் போனது. ஆகஸ்டில் இளம் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆட்சிப் பொறுப்பு வந்தது. பயந்த சுரங்கக் கம்பெனிகள் பிறகு இன்னும் அதிக மின்சாரம் கேட்டன. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தாலும் அதைத் தடையில்லாமல் கொடுக்க வேண்டியிருந்தது கண்ணம்பாடி அணை கட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். லோட்பினியே மைசூரை விட்டு காஷ்மீருக்குப் போய் ஜீலம் நதியில் இதே மாதிரி ஒரு மின்நிலையம் அமைத்தார். 1913-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு கப்பன் பார்க்கில் ஐயரின் சிலையைத் திறந்துவைத்தார். தங்கச் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், 2001 பிப்ரவரி கடைசி நாள் மூடப்பட்டன. சிவசமுத்திரத்து மின்நிலையத்துக்கு இப்போது சர் சேஷாத்ரி ஐயர் என்றே பெயர். அதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.